கோடு போட்டதெல்லாம் கட்டுவிரியன் இல்லை: பாம்பு, பல்லி, தவளை கேள்வி பதில்

மழை பிடித்ததும் வயலிலும் வீட்டோரத்திலும் கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்துத் தமிழ்நாட்டின் பல பக்கங்களிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பதில்களில் ஒரு விஷயம் அடிக்கடி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்: நிறத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் ஏகத்துக்கும் மாறும்.

சார், இரவில் சுவர் ஏறிக்கொண்டிருந்த பழுப்புப் பாம்பு. உடம்பில் வெள்ளை வரி இருந்ததால் கட்டுவிரியன் என்று அடித்துவிட்டார்கள். சரியா?

படத்தில் இருப்பது வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லாதது. வீட்டுப் பல்லியைத் தேடி வந்திருக்கும். இந்த ஒரு குழப்பத்தால் சாகிற பாம்புகளை நினைத்தால் மனசு கனக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். வரையனுக்குக் கழுத்திலேயே தெளிவான பட்டை இருக்கும், வால் பக்கம் போகப் போக மங்கிவிடும். கட்டுவிரியனில் இது தலைகீழ். தலையை ஒட்டிய பகுதி பெரும்பாலும் வெறும் கறுப்பு. சற்றுத் தள்ளித்தான் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தொடங்கும், அதுவும் பல இடங்களில் இரண்டிரண்டாக, வால் வரைக்கும் பளிச்சென்று. அடுத்தது நடுமுதுகு. கட்டுவிரியனுக்கு முதுகெலும்பின் மேல் ஓடும் ஒரு வரிசைச் செதில் மட்டும் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, ஆறுகோணமாக இருக்கும். வரையனுக்கு அது கிடையாது. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதுகுச் செதில்கள் எல்லாம் ஒரே அளவு. சுவர் ஏறியதும் ஒரு துப்பு. வரையன் அதில் கைதேர்ந்தது, கட்டுவிரியன் தரையோடு தரையாகத் திரியும்.

ஆனால் குட்டிக் கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கமும் வெள்ளைக் குறிகள் வரலாம். செதில் தெரியாத படமென்றால் அதைக் கட்டுவிரியனாகவே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள். கிட்டே போய் உறுதிசெய்ய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கண்ணாடி விரியன் குட்டியா, மலைப்பாம்புக் குட்டியா, மண்ணுளியா? மூன்றும் ஒன்றுபோல இருக்கிறதே.

கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி கோத்ததுபோல மூன்று வரிசை நீள்வட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு. கழுத்து ஒடுங்கி, முக்கோணத் தலை தனியாகத் தெரியும். சீண்டினால் குக்கர் விசில்போலச் சீறும். மலைப்பாம்பின் திட்டுகளுக்கு ஒழுங்கான வடிவம் இருக்காது, மேலுதட்டில் வெப்பம் உணரும் குழிகள் உண்டு. மண்ணுளிக்குத் தலையும் கழுத்தும் ஒரே தடிமன், கண் சின்னது, வால் குட்டை. நீங்கள் அனுப்பியது சொரசொரச் செதில் கொண்ட மண்ணுளி.

இதன் உறவான சிவப்பு மண்ணுளியைத்தான் 'இருதலைப் பாம்பு' என்று லட்சக்கணக்கில் விலை பேசி ஏமாற்றுகிறார்கள். அதற்கு ஒரு தலைதான், மறுமுனை மழுங்கிய வால். பிடித்து வைத்திருப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எங்கள் வரப்பில் சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணைந்து ஆடின, அண்ணா. வீடியோ அனுப்பியிருக்கிறேன்.

அருமையான பதிவு. ஆனால் இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். பெண்ணுக்காக நடக்கும் பலப்பரீட்சை அது. எதிராளியின் தலையைக் கீழே அழுத்துவதுதான் நோக்கம், கடி அபூர்வம். வீடியோவை நிறுத்தி உதட்டைப் பாருங்கள்: செதில்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் தெரிகின்றன. அதோடு பெரிய உருண்டைக் கண்ணும் இருந்தால் சாரைதான். சாரையும் நாகமும் இணை சேர்வதில்லை.

குளியலறை வடிகாலில் கறுப்பாக, பளபளவென்று ஒரு மண்புழு. நாக்கை நீட்டியது!

நாக்கை நீட்டினால் அது மண்புழு இல்லை, புழுப்பாம்பு. எறும்பு, கறையான்களின் முட்டைகளைத் தின்று வாழும். இந்த இனத்தில் எல்லாமே பெண்கள்தான், ஆண் துணையின்றியே இனம் பெருகுகிறது. ஒரு காகிதத்தில் ஏந்தித் தொட்டி மண்ணில் விட்டுவிடுங்கள்.

வால்பாறை பக்கம் மண் கிளறும்போது வழவழப்பாக, உடம்பெல்லாம் வளையமாக ஒன்று வந்தது. இதுவும் புழுப்பாம்பா?

இல்லை, இது சிசிலியன். காலில்லாத நீர்நில வாழ்வி, தவளைக்குத்தான் சொந்தம். ஈரத்தோல், வளைய வரிப்பள்ளங்கள், ஒழுங்கான வாய் மூன்றும் இருந்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைப் பார்ப்பது பெரிய பாக்கியம், ஈர மண்ணிலேயே மூடிவிடுங்கள்.

அரணை கடித்தால் மரணம் என்கிறார்களே?

அரணைக்கு விஷமே இல்லை.

தலை மட்டும் ரத்தச் சிவப்பாக மாறியது பச்சோந்திதானே?

இனப்பெருக்கக் கால ஆண் ஓணான். பச்சோந்தியின் கண்கள் தனித்தனியே சுழலும், வால் சுருளும், விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக் கிளையைக் கவ்வும்.

முதல் மழைக்குக் குட்டையில் மஞ்சள் மஞ்சளாகத் தவளைகள். விஷத் தவளை என்று பரப்புகிறார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் வரும் வதந்தி. அவை மாட்டுத் தவளையின் ஆண்கள். பெண்ணைக் கவர எலுமிச்சை மஞ்சளாகி, தாடையின் இரு பக்கமும் நீலப் பைகளை உப்பவைத்துக் கத்தும். காலம் முடிந்ததும் பழையபடி பச்சைப் பழுப்பு. யாருக்கும் கெடுதல் இல்லை.

தவளை விஷயத்தில் காதை நம்புங்கள் என்பேன். படத்தோடு அரை நிமிடம் குரலையும் பதிவு செய்யுங்கள், ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் கத்தல். குறுவாய்த் தவளை ஓர் அங்குலம்கூட இருக்காது, குரலோ குட்டை முழுக்கக் கேட்கும். விரல் நுனியில் வட்டத் தட்டு இருந்தால் மரத்தவளை, கண்ணுக்குப் பின்னால் புடைத்த சுரப்பி இருந்தால் தேரை. நம் மலைகளில் இன்னும் புதியவை கிடைக்கின்றன: மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை ஒரு பன்றிமூக்குத் தவளைக்கு வைத்தது 2017-இல்தான்.

கடித்த பாம்பை அடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமா? அடையாளம் தெரியாவிட்டால் ஊசி போட மாட்டார்களாமே?

வேண்டவே வேண்டாம். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவதுண்டு. நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது. அதற்கான நஞ்சை மாமல்லபுரம் அருகே, 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தருகிறார்கள். மருத்துவர் அறிகுறியைப் பார்ப்பார்: இமை தொங்குகிறதா, ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று. இரவில் தரையில் படுத்தவர் காரணமில்லாத வயிற்றுவலியோடு எழுந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனைச் சந்தேகிக்க வேண்டும், அதன் கடி பெரிதாக வலிக்காது.

கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே கிளம்புங்கள். மலைத்தோட்டத்தில் குழிவிரியன் கடித்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அந்த நஞ்சு மேற்சொன்ன நான்கில் சேராதது, அதற்கேற்பத்தான் சிகிச்சை அளிப்பார்கள்.