அலுவலர் விடுப்பில், சம்பளப் பட்டியலில் ஒப்பமிடுவது யார்?

கேள்வி: மாவட்ட அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எங்கள் அலுவலரே பணம் பெற்று வழங்கும் அலுவலரும் ஆவார்; அதாவது, கருவூலத்திலிருந்து பணம் பெற்று உரியவர்களுக்கு வழங்கும் பொறுப்பு அவருடையது. அறுவை சிகிச்சைக்காக 40 நாள் மருத்துவ விடுப்பில் செல்லும் அவர், தம் கடவுச்சொல்லையும் மின்கையொப்பக் கருவியையும் என்னிடம் தந்து, சம்பளப் பட்டியலை மட்டும் தவறாமல் அனுப்பிவிடும்படி சொல்கிறார். என்மீது மிகுந்த நம்பிக்கை உள்ளவர் என்பதால் மறுக்கத் தயங்குகிறேன். ஏற்கலாமா?

பதில்: ஏற்க வேண்டாம். அவர் உங்கள்மீது வைத்திருக்கும் நம்பிக்கை உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் கருவூலத்துக்கு வேண்டியது எழுத்தில் உள்ள அதிகாரம். அலுவலகத் தலைவர் தமக்குக் கீழுள்ள, அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரைத் தமக்காகப் பட்டியல்களில் ஒப்பமிட அனுமதிக்கலாம் என்றும், அவருடைய மாதிரிக் கையொப்பத்தைக் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் கருவூல விதிகள் சொல்கின்றன. கண்காணிப்பாளரான நீங்கள் அரசிதழ்ப் பதிவு பெற்றவர் அல்லர் என்றால், அலுவலர் எழுதியே கொடுத்தாலும் அந்த அதிகாரம் உங்களுக்கு வந்து சேராது.

அதே விதியில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு பகுதி உண்டு. இவ்வாறு வேறொருவரை ஒப்பமிட அனுமதித்தாலும், பட்டியலின் சரித்தன்மைக்கும் பெற்ற பணம் உரியவரைச் சேர்ந்ததற்கும் அலுவலகத் தலைவரே தொடர்ந்து பொறுப்பாவார். ஆகவே ஓரிரு நாள் வெளியூர்ப் பயணத்துக்கு இந்த ஏற்பாடு போதும்; மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒருவரை, அவர் பார்த்திராத பட்டியலுக்குப் பொறுப்பாளியாக்குவது அவருக்கே தீங்கு. 40 நாள் விடுப்புக்கு உரிய வழி, மேலலுவலர் செயல்முறை ஆணை வழியாக மற்றோர் அலுவலருக்குக் கூடுதல் பொறுப்பு அளிப்பதுதான். உங்கள் அலுவலகத்தில் தகுதியுள்ளவர் இல்லையெனில், பக்கத்து அலுவலகத்தில் பணம் பெற்று வழங்கும் அலுவலராக இருப்பவரிடம் சம்பளம் பெற்று வழங்கும் பொறுப்பை ஒப்படைப்பது பல துறைகளில் வழக்கம்.

கடவுச்சொல் விஷயம் இன்னும் கடுமையானது. பட்டியலைத் தயாரிப்பவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் என மூன்று நிலைகளை வைத்திருப்பதே ஒருவர் பிழையை இன்னொருவர் கண்டுபிடிப்பதற்காகத்தான். மூன்றும் ஒரே கையில் வந்தால் அந்தக் காவல் இல்லாமல் போகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 42ஆம் பிரிவு, மின்கையொப்பத்தின் தனித்திறவுகோல் (ஒப்பமிடப் பயன்படும் இரகசியக் குறியீடு) பிறர் கைக்குப் போகாமல் காப்பதை உரியவரின் கடமையாக்குகிறது. பிறருடைய மின்கையொப்பத்தையோ கடவுச்சொல்லையோ வஞ்சகமாகப் பயன்படுத்தினால், 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உங்கள் எண்ணத்தில் வஞ்சகம் இல்லை என்பதை நான் அறிவேன். எனினும் பின்னாளில் ஒரு தொகை தவறிப் போனால், அந்த ஒப்பம் யார் இட்டது என்ற கேள்விக்கு உங்கள் இருவரிடமும் பதில் இருக்காது. வெற்றுப் பட்டியல்களில் முன்கூட்டியே ஒப்பமிட்டுவிட்டுச் செல்வதும் இதற்கு இணையான தவறே.

விடுப்பு தொடங்கும் முன்பே அலுவலரிடம் இதை மரியாதையுடன் எடுத்துச் சொல்லி, மேலலுவலருக்குக் கடிதம் அனுப்பச் செய்யுங்கள். பொறுப்பு மாறும் நாளில் ரொக்கப் பதிவேட்டை முடித்து, கையிருப்பை எண்ணி, பயன்படுத்தாத காசோலைகளின் எண்களையும் குறித்து, இருவரும் தேதியுடன் ஒப்பமிட வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்பவரின் மாதிரிக் கையொப்பம், விடுப்பில் செல்பவரின் சான்றொப்பத்துடன் கருவூலத்துக்குப் போகட்டும். சம்பளம் மாதக் கடைசியில் சேர வேண்டியது என்பதால், ஆணை வர ஒரு வாரம் பிடிக்கும் என்று கணக்கிட்டு இன்றே எழுதுங்கள்.