பழைய டிராக்டருக்கு நாமே பேக்ஹோ செய்து மாட்ட முடியுமா?

செய்யலாம். டிராக்டரின் பின்னால் மாட்டிப் பள்ளம் தோண்டும் இந்தக் கையை நான் இரண்டு செய்தேன். முதலாவது பழைய இரும்புக்குப் போய்விட்டது. அது ஏன் போனது என்று சொன்னாலே உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் வந்துவிடும். உங்களிடம் இருப்பது 35 எச்.பி. பழைய டிராக்டர், ஒரு வெல்டிங் மிஷின். த்ரீ பாயிண்டில் (கலப்பை மாட்டும் பின்பக்க மூன்று முனை இணைப்பு) மாட்டலாமா, எவ்வளவு பெரிய சிலிண்டர் போடலாம் என்று கேட்கிறீர்கள். என்னிடம் இருந்ததும் ஏறக்குறைய அதே கூட்டணிதான்.

எடுத்த எடுப்பில் ஒன்று. நாம் எல்லோரும் ஜேசிபி என்று ஒரே பெயரில் கூப்பிடும் அந்த வண்டியே டிராக்டரில் பிறந்ததுதான். ஜேசிபி நிறுவனர் பேம்ஃபோர்டு 1953ல் செய்த முதல் பேக்ஹோ லோடர், ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டர் மேல் கட்டியது. ஆகவே "டிராக்டர் தாங்காது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களை விட்டுத்தள்ளுங்கள். எந்த இடத்தில் தாங்கும் என்பதுதான் விஷயம்.

த்ரீ பாயிண்டில் மட்டும் மாட்டாதீர்கள். நான் மாட்டினேன். கலப்பை மாதிரி மாட்டிக் கழற்றலாமே என்ற ஆசை. மூன்றாம் நாள் கெட்டியான தரையில் பூமை (டிராக்டரை ஒட்டிய பெரிய கை) கீழே அழுத்தினேன். பக்கெட் இறங்கவில்லை, ஃப்ரேம் ஏறியது. ஊன்றுகால் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழுந்தன. என் சீட் பேக்ஹோ ஃப்ரேமிலேயே இருந்ததால் நானும் சேர்ந்து எழுந்தேன். டிராக்டர் சீட்டின் முதுகுப்பலகை என் முதுகில் வந்து முட்டியது. பயத்தில் கை லீவரை விட்டது. ஸ்பிரிங் லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தது, எல்லாம் நின்றது. இன்னும் ஒரு விநாடி பிடித்திருந்தால் இந்தப் பதிலை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

காரணம் எளிது. பெரும்பாலான பழைய டிராக்டர்களின் லிஃப்ட் மேலே தூக்க மட்டும் தெரிந்தது. கீழே அழுத்தாது, கீழிருந்து தள்ளினால் லிங்க் இரண்டும் சும்மா மேலே போகும். டாப் லிங்க் கீல் மாதிரி வேலை செய்து ஃப்ரேமை ஓட்டுபவர் பக்கமாகச் சாய்க்கும். இதில் வெல்டிங் எவ்வளவு உறுதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது ஆபத்து மெதுவாக வரும். லாரிக்கு இருப்பதுபோல் இந்த டிராக்டர்களுக்கு அடியில் சேசிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு முதுகெலும்பாக நிற்கின்றன. பேக்ஹோ பின்னால் மட்டும் தொங்கி உலுக்கினால், வளைக்கும் விசை எல்லாம் கிளட்ச் ஹவுசிங் இணைப்பில் போய்ச் சேரும். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அதனால் இரண்டாவது தடவை பின் ஆக்சில் ஹவுசிங்கிலிருந்து எஞ்சின் முன் பிராக்கெட் வரை இரு பக்கமும் சேனல் இரும்பு ஓட்டி, பேக்ஹோவை அந்தச் சேனலில் பின் (தடித்த இரும்பு ஊசி) போட்டுப் பூட்டினேன். மாட்டிக் கழற்ற இப்போது அரை நாள் ஆகிறது. ஆகட்டும்.

இனி சிலிண்டர். 80 மி.மீ. போர் (உள்விட்டம்), 150 பார் எண்ணெய் அழுத்தம் என்றால் தள்ளும் விசை சுமார் ஏழரை டன். கேட்கவே குஷியாக இருக்கும். ஆனால் ஆர்ம் (பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவிலுள்ள கை) சிலிண்டர் பிடிக்கும் கொக்கி, ஆர்ம் கீலிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருக்கிறது, பக்கெட் பல்லோ 1,800 மி.மீ. தள்ளி. ஆறில் ஒரு பங்கு, அதாவது ஒண்ணேகால் டன்தான் பல்லுக்கு வந்து சேரும். இதைப் பார்த்துவிட்டு நூறு மி.மீ. சிலிண்டர் தேடக் கிளம்பாதீர்கள். உங்கள் டிராக்டர் எடை இரண்டு டன்னைத் தாண்டாது. பல்லில் விசையைக் கூட்டினால் மண் வராது, டிராக்டர்தான் பள்ளத்தை நோக்கி நகர்ந்து வரும். எனக்கு 80 தாராளமாகப் போதுகிறது. பக்கெட் அகலம் 300 மி.மீ. தான். அகல பக்கெட் வேண்டும் என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் தோன்றும்.

எண்ணெய் ஓட்டம்தான் அடுத்த ஏமாற்றம். டிராக்டரின் உள் பம்ப் நிமிடத்துக்கு 15 லிட்டர் தந்தால் பெரிது. 80 மி.மீ. சிலிண்டர் 600 மி.மீ. நீளுவதற்கு மூன்று லிட்டர் வேண்டும். ஆக ஒரு பூம் அசைவுக்கு 12 விநாடி. பொறுமை போய்விடும். நான் பி.டி.ஓ.வில் (டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டு) மூன்று மடங்கு வேகம் கூட்டும் கியர்பாக்ஸ் போட்டு ஒரு சுற்றுக்கு 22 சி.சி. தரும் கியர் பம்ப் மாட்டினேன். 540 சுற்று 1,620 ஆகிறது, நிமிடத்துக்கு 35 லிட்டர் வருகிறது. எஞ்சினில் சுமார் 14 எச்.பி. கேட்கும், 35 எச்.பி. டிராக்டர் மூச்சு வாங்காது. ஒன்றை மறக்காதீர்கள்: டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் குறைந்தது ஒரு இன்ச் இருக்கட்டும். முதலில் அரை இன்ச் போட்டேன். எண்ணெய் போதாமல், பம்புக்குள் யாரோ கூழாங்கல் அள்ளிப் போட்ட மாதிரி சத்தம்.

பம்ப், வால்வ், சிலிண்டர், ஹோஸ், பக்கெட் பல் இதெல்லாம் விலைக்கு வாங்குங்கள். சிலிண்டரை நானே செய்கிறேன் என்று இறங்கியவர்கள் ஒழுகலோடு வாழ்கிறார்கள். நாம் செய்ய வேண்டியது எலும்புக்கூடு மட்டும். அதற்கும் இரும்பை வெட்டும் முன் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, பிளைவுட் பட்டைகளை ஆணி அடித்து ஆட்டிப் பாருங்கள். என் பக்கெட் லிங்க், சிலிண்டர் முழுதாக உள்ளே போகும்போது ஆர்ம் அடியில் முட்டியதைத் தரையிலேயே கண்டுபிடித்தேன். நாற்பது மி.மீ. நகர்த்தினேன், சரியாகிவிட்டது.

கீல்களில் போடும் பின்கள் அறுந்து போகும் என்று பயப்படுவார்கள். 30 மி.மீ. பின் அந்த ஏழரை டன் விசையை வெட்டுப்படாமல் தாங்கும். கெட்டுப்போவது துளை, நாளாக நாளாக முட்டை வடிவம் ஆகிவிடும். அதனால் 40 மி.மீ. பின், கழற்றி மாற்றக்கூடிய புஷ் (துளைக்குள் போடும் உறை), ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் நிப்பிள். பின் நுழையும் இரு பக்கப் பாஸையும் (துளையுள்ள வளையம்) தனித்தனியாக வெல்ட் செய்தேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஆறியதும் பின் இரண்டாவது துளைக்குள் நுழையவில்லை, இரண்டு மி.மீ. விலகல். லேத்காரர் அண்ணன் பார்த்துவிட்டு, "சூட்டுல இரும்பு இழுக்கும்னு தெரியாதா தம்பி? ஷாஃப்டை உள்ளே விட்டுட்டு வெல்ட் பண்ணியிருந்தா இந்தச் சோலியே இல்லையே" என்றார். அதன்பிறகு முழு நீள ஷாஃப்டை இரண்டு பாஸிலும் கோத்து, அங்கொரு பொட்டு இங்கொரு பொட்டு என்று மாறி மாறி வைத்து, முழுதும் ஆறும் வரை உருவுவதில்லை. வெல்டிங் ராடு 7018, ஈரம் ஏறிய கட்டை அப்படியே போடாதீர்கள், சூடாக்கி உலர்த்திப் போடுங்கள்.

பக்கவாட்டில் திருப்பும் சிலிண்டர் பற்றி யாரும் எச்சரிக்க மாட்டார்கள். மண்ணோடு நீட்டிய கை வேகமாகத் திரும்பி எல்லையில் போய் இடிக்கும்போது வரும் அடி, தோண்டும் விசையைவிட மோசம். சுழல் தூணின் கீழ்த் தட்டில் முடி மாதிரி ஒரு விரிசலை ஒரு மாதத்தில் பார்த்தேன். தட்டை தடிமன் கூட்டி மாற்றியதோடு, சிலிண்டரை விட்டு வெளியேறும் எண்ணெயில் சிறு துளைத் தடுப்பு போட்டேன். உள்ளே போகும் பக்கம் போட்டால் பயனில்லை. கனம் எண்ணெயை முந்திக்கொண்டு ஓடும்.

ஒழுகலைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். 150 பாரில் ஊசித்துளை வழியே வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை செய்யாவிட்டால் விரலே போகலாம். அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள்.

என்னுடையதில் இன்னும் ஒரு குறை பாக்கி. இடது ஊன்றுகால் இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக மடங்கி, காலையில் டிராக்டர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. எண்ணெய் திரும்பி ஓடாமல் சிலிண்டரிலேயே பூட்டும் செக் வால்வ் வாங்கி வைத்திருக்கிறேன், மாட்ட நேரம் வரவில்லை. அதுவரை கீழே ஒரு மரக்கட்டை.