கடிதத்தில் ஒரு டிஸ்கிரெஷன், மெயிலில் இன்னொன்று

கேள்வி: குன்னூரில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். என் வேலைக் கடிதத்தில், இன்சென்டிவ் தருவது ‘அட் த சோல் டிஸ்கிரெஷன் ஆஃப் த மேனேஜ்மென்ட்’ என்று இருக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் அவர் பிறந்தநாளுக்கு ஏற்பாடு செய்யச் சொன்ன விருந்தினர் ஒருவர், ‘ஐ ரிலை ஆன் யுவர் டிஸ்கிரெஷன்’ என்று மெயில் போட்டிருக்கிறார். அகராதி ‘விவேகம்’ என்கிறது. இரண்டு இடத்திலும் ஒட்டவில்லையே?

பதில்: அகராதி சொல்வது தப்பில்லை. பிரித்தறிவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. தகுவது எது, தகாதது எது என்று பார்க்கத் தெரிந்தவரிடம்தானே முடிவெடுக்கும் உரிமையையும் ஒப்படைப்போம், ரகசியத்தையும் சொல்லுவோம்? உங்களைக் குழப்பும் இரண்டு பொருள்களும் இவைதான்.

கடிதத்தில் உள்ளது உரிமை. ‘ஆட்சியரின் விருப்புரிமை நிதி’ என்று ஊட்டிச் செய்திகளில் படித்திருப்பீர்களே, அந்த விருப்புரிமை. தரலாமா, எவ்வளவு தரலாம் என்பது நிர்வாகத்தின் முடிவு. ‘சோல்’ சேர்ந்துவிட்டால் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அரசு அதிகாரிக்கு இந்த உரிமை இருந்தாலும் மனம்போனபடி நடக்க முடியாது, முடிவுக்குத் தகுந்த காரணம் வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. தனியார் கடிதத்தில் அவ்வளவு கடிவாளம் கிடையாது. ஆனால் இன்சென்டிவ் வேறு, போனஸ் வேறு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், சம்பள வரம்புக்குள் வருபவருக்கு, சில விலக்குகள் போக, குறைந்தது 8.33 சதவீத போனஸ் சட்டப்படி உண்டு. ‘டிஸ்கிரெஷன்’ என்று எழுதி அதை நிறுத்திவிட முடியாது.

விருந்தினர் கேட்பது இங்கிதம். யாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்து நடப்பது. கேக் விஷயம் சமையலறைக்குத் தெரியலாம். அந்த அம்மா அறைக்குப் போன் செய்து உறுதிப்படுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

பதில் எழுதும்போதுதான் வம்பு. ‘வி வில் அரேஞ்ச் இட் அட் அவர் டிஸ்கிரெஷன்’ என்று எழுதிவிடாதீர்கள். எங்களுக்குத் தோன்றினால் செய்வோம் என்று ஆகிவிடும், மனுஷன் பதறிப்போவார்! ‘அட்’ வந்தால் பெரும்பாலும் உரிமை, ‘வித்’ வந்தால் இங்கிதம். ‘வி வில் ஹேண்டில் இட் வித் டிஸ்கிரெஷன்’ என்பதே சரி. ‘யூஸ் யுவர் டிஸ்கிரெஷன்’ என்பது மட்டும் இடத்தைப் பொறுத்தது. பர்லியாறு பக்கம் மூடுபனி இறங்கியிருக்கும்போது டிரைவரிடம் சொன்னால், நிலைமையைப் பார்த்து நீங்களே முடிவெடுங்கள் என்று அர்த்தம்.

பெயரடையில் சொல்லே பிரிந்துவிடும். உரிமைக்கு ‘டிஸ்கிரெஷனரி’, இங்கிதத்துக்கு ‘டிஸ்கிரீட்’ (discreet). இந்த இரண்டாவதை எழுதும்போது கடைசியில் இரண்டு ‘ஈ’ எழுத்தும் ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் ‘டி’ (t) புகுந்து அவற்றைப் பிரித்தால் ‘தனித்தனியான’ என்று பொருள்படும் வேறு சொல் (discrete) ஆகிவிடும். உச்சரிப்பு அதேதான். அதுவும் சரியான சொல்தான் என்பதால் ஸ்பெல் செக்கரும் கண்டுகொள்ளாது. அப்புறம், பேசும்போது ‘டிஸ்கிரீஷன்’ என்று நீட்ட வேண்டாம், ‘கிரெ’ குறில்தான்.