தனியிலிருந்து சோடிக்கு மாறுகிற ஸ்கேற்றிங் பிள்ளைகள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

போன கிழமை மகளின் பழைய படம் ஒன்றைப் போட்டேன். ஐஸுக்கு மேலே ஒரு பொடியன் ஒற்றைக் கையில் அவளைத் தூக்கி வைத்திருக்கிற படம். அதற்குக் கீழே இவ்வளவு கேள்வி வருமென்று நினைக்கவில்லை, ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: சொந்த இடம் வட்டக்கச்சி. ரொறன்ரோப் பக்கத்தில் ஓர் ஐஸ் அரங்கில் பதினெட்டு வருடம் சம்போனி ஓட்டினேன், அதாவது ஐஸைச் சீவி, சுடுதண்ணீர் விட்டு மட்டப்படுத்துகிற வண்டி. மகள் ஃபிகர் ஸ்கேற்றிங், அதாவது பிளேட் பூட்டிய சப்பாத்தோடு ஐஸில் ஆடுகிற விளையாட்டு, பதினாறு வயதுவரை தனியாக ஆடினாள், பிறகு ஆறு வருடம் சோடி, அதாவது ஒரு பொடியனும் ஒரு பெட்டையும் சேர்ந்து ஆடுவது. நான் பயிற்றுனர் இல்லை, ஆனால் விடிய ஐந்து மணிக்கு அரங்கின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தது நிறைய.

பரந்தனிலிருந்து ஒரு தங்கச்சி: "கனடாவிலுள்ள என் பெரியம்மாவின் மகளுக்கு 15 வயது. ட்ரிபிள் பாய்ச்சல்கள் (காற்றில் மூன்று சுற்று) வருகுதில்லை, சோடிக்குப் போ என்று பயிற்றுனர் சொல்கிறார். இது அவளைக் கீழே இறக்குவதா?"

இல்லை தங்கச்சி. ஆனால் சொன்ன காரணம் பிழை. பாய்ச்சல் வராததால் சோடிக்குப் போனால், அங்கேயும் அதே பாய்ச்சல் காத்திருக்கும். சோடியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் போடுகிற பாய்ச்சல் கட்டாயம். கனடாவின் மேகன் டுஹமெலும் எரிக் ராட்ஃபோர்டும் 2015இலும் 2016இலும் உலகப் பட்டம் எடுத்தார்கள், இரண்டு பேருமே தனியாக ஆடி வந்தவர்கள். சோடிகளில் அபூர்வமான ட்ரிபிள் லட்ஸ் என்கிற பாய்ச்சலை அவர்கள் சேர்ந்து போட்டது தனியில் சேர்த்து வைத்த முதலால்தான்.

அதற்கு மேல் அவள் புதிதாகப் படிக்க வேண்டியவை இருக்கின்றன. தலைக்கு மேலான தூக்கல், ட்விஸ்ட், எறிதல் பாய்ச்சல், மரணச் சுழல். ட்விஸ்டில் பொடியன் அவளை மேலே எறிவான், அவள் காற்றில் சுற்றி இறங்கும்போது இடுப்பில் பிடிக்க வேண்டும், பழகுகிற காலத்தில் அவளுடைய முழங்கை அவன் முகத்தில் படாத கிழமையே இராது. மரணச் சுழலில் அவன் ஒரு கால் நுனியை ஐஸில் ஊன்றி நிற்க, அவள் ஒரே பிளேட் ஓரத்தில், தலை ஐஸைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்து அவனைச் சுற்றி வருவாள். பார்க்க அவன் இழுத்துச் சுற்றுகிற மாதிரி இருக்கும், உண்மையில் அந்த ஓரத்தை அவள் விட்டால் எல்லாம் முடிந்தது. என் மகளுக்கு முதல் ஒரு வருடம் பாய்ச்சல் குறைந்தது, தூக்கல் வரவில்லை, இரண்டு பக்கமும் இல்லாமல் நின்றாள். அந்த ஒரு வருடத்தைத் தாங்குவாளா என்று உங்கள் பெரியம்மாவிடம் கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: அவள் எந்தப் பக்கம் சுற்றுகிறாள்? பெரும்பாலானோர் இடப்பக்கமாகச் சுற்றுவார்கள். என் மகள் இடக்கைக்காரி, வலப்பக்கமாகச் சுற்றுவாள், அப்படிச் சுற்றுகிற பொடியனைத் தேடவே எங்களுக்கு இரண்டு வருடம் போனது. எதிரெதிர்ப் பக்கம் சுற்றுகிற சோடி மிக அபூர்வம். இதை ஒருவரும் எங்களுக்கு முதலில் சொல்லவில்லை.

முல்லைத்தீவு, ஒரு தம்பி: "சோடிக்கும் ஐஸ் டான்ஸுக்கும் என்ன வித்தியாசம்?"

டான்ஸிலும் இருவர்தான், ஆனால் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, எறிதல் இல்லை, பெரிய பாய்ச்சலும் இல்லை. அங்கே காலடிதான் எல்லாம். இங்கே நான் எழுதுவது சோடியைப் பற்றி மட்டும்.

துணுக்காயிலிருந்து: "19 வயதில் மாறினால் பிந்திவிட்டதா?"

இதற்கு ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும். டியானா ஸ்டெல்லாட்டோ டுடெக் அமெரிக்காவில் பிறந்தவர். 2000ஆம் ஆண்டு கனிஷ்ட உலகப் போட்டியில் தனிப் பிரிவில் வெள்ளி எடுத்தார். காயங்கள் விடவில்லை, பதினேழு வயதளவில் விட்டுவிட்டுப் போய் அழகியல் சிகிச்சைத் துறையில் வேலை பார்த்தார். பதினாறு வருடம் பிளேட் கட்டவில்லை. வேலைத்தலத்து ஆட்களோடு விளையாடிய ஒரு விளையாட்டில், தோல்வியே வராதென்றால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம், ஒலிம்பிக் தங்கம் எடுப்பேன் என்று வாயில் வந்துவிட்டது. 2016இல் திரும்பி வந்தார், அதுவும் தான் ஒருநாளும் ஆடாத சோடிப் பிரிவுக்கு. முதலில் நேதன் பார்த்தலோமேயோடு அமெரிக்காவுக்கு ஆடி, பிறகு மக்ஸிம் டெஷாம்போடு கனடாவுக்கு மாறி, 2024 மார்ச்சில் மொன்றியலில் உலகப் பட்டம். அப்போது அவருக்கு வயது 40. ஃபிகர் ஸ்கேற்றிங்கில் உலகப் பட்டம் எடுத்த பெண்களில் ஆகக் கூடிய வயது அதுதான். அந்த நேரம் நான் கிளிநொச்சியில் இருந்தேன், கைபேசியில் பார்த்துக்கொண்டே அழுதேன்.

ஆனால் அவர் சின்ன வயதிலேயே ட்ரிபிள்களைக் காலுக்குள் வைத்திருந்தவர். 19 வயதில் முதன்முதலாக ஐஸில் இறங்குகிறவருக்கு இந்தக் கதை பொருந்தாது.

ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் அம்மா: "சோடிக்குப் போகிற பிள்ளை மெலிவாக, குட்டையாக இருக்க வேண்டுமாமே? என் அண்ணாவின் பேத்திக்குச் சோற்றைக் குறைத்திருக்கிறார்கள்."

அம்மா, இதை அவர்களுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். குட்டையாக இருப்பது உதவும்தான், ஜப்பானின் ரிக்கு மியூரா ஒன்றரை மீற்றர் உயரம்கூட இல்லை. ஆனால் உயரம் பிறப்பு, சாப்பாடு அப்படியல்ல. எங்கள் மகளிடமும் ஒரு பயிற்றுனர் சோற்றை விடு என்றார். ஏழு மாதம் விட்டாள். மாதவிடாய் நின்றது, பாதத்தில் எலும்பு வெடித்தது, நான்கு மாதம் ஐஸ் இல்லை. சாப்பாடு காணாத உடம்பில் எலும்பும் பலவீனமாகும், அந்த எலும்போடுதான் எறிதல் பாய்ச்சலில் தனியாகப் பாய்வதைவிடக் கூடிய உயரத்திலிருந்தும் வேகத்திலிருந்தும் ஒற்றைக் காலில் வந்து இறங்க வேண்டும். தூக்கும் பொடியனுக்கும் தளர்ந்த உடம்புதான் பாரம். இறுக்கிப் பிடித்த உடம்பு கூடுதல் கிலோ என்றாலும் இலேசாக ஏறும். மெலிய வேண்டும் என்று சொல்லுகிற ஆளிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றிருந்தால் முதலில் வைத்தியரிடம் போகட்டும், ஐஸ் பிறகு.

கிளிநொச்சி நகரிலிருந்து: "22 வயதில் மாறலாமா?"

துணுக்காய்க்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி: "அண்ணை, குறை நினைக்க வேண்டாம். சோடி என்பது தனியில் தோற்றவர்கள் ஒதுங்குகிற இடம்தானே. பொடியன் தூக்குகிறான், எறிகிறான். பெட்டை சாமான் மாதிரிப் போய் வருகிறாள். இதில் அவளுக்கு என்ன திறமை?"

குறை நினைக்கவில்லை, ஆனால் முழுதும் பிழை. எறிதல் பாய்ச்சலில் அவன் எறிவதில்லை, அவள் பாய்கிறாள். தன் பிளேட் ஓரத்தில் தானே எழும்புகிறாள், அவன் அந்தக் கணத்தில் தன் பலத்தைச் சேர்க்கிறான். கண் இமைக்கிற நேரம் அவன் முந்தினால் அவள் சரிந்து போவாள், பிந்தினால் ஒன்றும் சேராது. விட்ட பிறகு காற்றில் அவளுக்குத் துணை இல்லை. 2006 ஒலிம்பிக்கில் சீனாவின் ஸாங் டான் நான்கு சுற்று எறிதலில் விழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய், திரும்பி வந்து மிச்சத்தை ஆடி வெள்ளி எடுத்தார். சாமான் அப்படி எழும்பி வராது.

அதே தம்பி: "சரி, ஆனால் கிறிஸ்டி யமகுச்சி சோடியை விட்டுத் தனிக்கு வந்துதானே தங்கம் எடுத்தார்?"

நல்ல உதாரணம், ஆனால் உங்கள் பக்கம் நிற்காது. யமகுச்சியும் ரூடி கலின்டோவும் 1989இலும் 1990இலும் அமெரிக்கச் சோடிப் பட்டம் எடுத்தவர்கள். யமகுச்சி தோற்றுப்போய்ச் சோடியை விடவில்லை, இரண்டையும் ஒரே உடம்பால் தூக்க முடியாமல் ஒன்றை விட்டார். 1992இல் தனியில் ஒலிம்பிக் தங்கம். விடப்பட்ட கலின்டோவும் 1996இல் தனியில் அமெரிக்கப் பட்டம் எடுத்தார். இரண்டும் இரண்டு தொழில் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இடையில் பூநகரியிலிருந்து ஓர் அம்மா எழுதியது, கேள்வி இல்லை, அப்படியே போடுகிறேன்: "தம்பிக்கு விளங்கவில்லை. நானும் என் மச்சாளும் ஓர் உரலில் இரண்டு உலக்கை போட்டு அரிசி இடித்தவர்கள். தனியாக நன்றாக இடிக்கிற எல்லாரும் அப்படி இடிக்க மாட்டார்கள். மற்றவளின் மூச்சு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கை போய்விடும்."

அம்மா, இவ்வளவு வருடம் நான் சொல்ல வந்தது இதுதான். சோடியில் நடுவர்கள் பார்ப்பதும் அந்த மூச்சைத்தான். இருவரும் ஒன்றாக எழும்பி, ஒன்றாகச் சுற்றி, ஒன்றாக இறங்க வேண்டும். கை போவதும் வெறும் பேச்சில்லை. 1996இல் எலேனா பெரெஷ்னாயா பக்கத்தில் பக்கத்தில் சுழலும்போது துணையின் பிளேட் தலையில் வெட்டி, மூளையில் சத்திரசிகிச்சை செய்து, கதைக்கவே திரும்பப் படிக்க வேண்டி வந்தது. பிறகு இன்னொரு துணையோடு 2002இல் ஒலிம்பிக் தங்கம் எடுத்தார். 2007இல் ஜெசிக்கா டுபேயின் முகம் அதே விதமாக வெட்டுப்பட்டது. தனியில் சுழன்ற பிள்ளை தன்னைச் சுற்றி எவ்வளவு இடம் வேண்டும் என்று மட்டும்தான் பழகியிருக்கும். சோடியில் பக்கத்து ஆளின் இடத்தையும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

மல்லாவியிலிருந்து: "தமிழ்ப் பிள்ளையை ஒரு பொடியன் இப்படிப் பிடிப்பதை வீட்டில் எப்படி ஏற்றார்கள்?"

என் மாமியார் ஆறு மாதம் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் பயிற்சிக்கு வந்து, அந்தப் பொடியன் அவளை விழவிடாமல் தான் கீழே விழுந்து முதுகால் வாங்கியதைப் பார்த்தார். அன்றைக்கு அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டினார். பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறு: துணையோ பயிற்றுனரோ பிள்ளையை மிரட்டுகிறார்களா, தனியாகக் கூப்பிடுகிறார்களா என்பதை. கண்ணாடிக்குப் பின்னால் போய் நில்லுங்கள்.

மாங்குளம்: "17 வயது, பிந்திவிட்டதா?"

மூன்றாம் முறை. மேலே இருக்கிறது, தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

இரணைமடுப் பக்கம், ஒரு தம்பி: "ஒருவர் ஒரு நாடு, மற்றவர் இன்னொரு நாடு என்றால் யாருக்கு ஆடுவது?"

உலகப் போட்டிக்கு இருவரில் ஒருவர் அந்த நாட்டவராக இருந்தால் போதும். ஒலிம்பிக்குக்கு இருவரும் குடியுரிமை வைத்திருக்க வேண்டும். ஜப்பானில் பிறந்த யூக்கோ கவகுச்சி, 2010 ஒலிம்பிக்குக்காக ஜப்பான் குடியுரிமையை விட்டு ரஷ்யக் குடியுரிமை எடுத்தார். நாடு மாறினால் பழைய சங்கம் விடுவிக்க வேண்டும், காத்திருப்புக் காலமும் உண்டு. துணை கிடைக்கும் முன்னமே இதையும் யோசியுங்கள்.

விசுவமடு: "செலவு எவ்வளவு?"

நாட்டுக்கு நாடு வேறு. தனியைவிடக் கூடும், ஏனென்றால் துணை வேறு நகரத்தில் இருப்பான், ஒரு குடும்பம் வீடு மாற வேண்டி வரும். எங்களுக்கு அதுதான் பெரிய செலவு.

தர்மபுரம்: "நாங்கள் முற்றத்தில் தங்கச்சியைத் தூக்கிப் பழகுகிறோம், படம் அனுப்பவா?"

வேண்டாம், உடனே நிறுத்துங்கள். அரங்கில்கூடத் தூக்கலை முதலில் தரையில், மெத்தை விரித்து, பக்கத்தில் ஆள் நிற்கத்தான் பழக்குவார்கள். ரஷ்யாவின் தாத்தியானா டொட்மியானினா 2004இல் தூக்கலிலிருந்து தலை அடிபட விழுந்தார், அவர் உலகச் சம்பியன். உங்கள் முற்றத்தில் இருப்பது சீமெந்து.

வவுனியாவிலிருந்து ஓர் அண்ணை: "ஜெர்மனியில் என் மருமகனுக்கு 16 வயது, தனியாக ஆடுகிறான். உயரம் வந்துவிட்டது, பாய்ச்சல் தளர்கிறது. சோடியில் பொடியன்களுக்குத் தட்டுப்பாடு என்கிறார்களே, அவனுக்கு இடம் உண்டா?"

உண்டு, பொடியன்களுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். ஜப்பானின் ரியூஇச்சி கிஹாராவும் தனியிலிருந்து 2013இல் வந்தவர். ஆறு வருடம் துணைகள் மாறி, விட்டுவிடலாம் என்கிற நிலைக்குப் போனவர், 2019இல் மியூராவோடு சேர்ந்தார். ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஓக்வில்லில் பயிற்சி. 2023இலும் 2025இலும் உலகப் பட்டம். மருமகனுக்கு இப்போதே தோளையும் முதுகையும் பயிற்றுனரோடு கட்டத் தொடங்கச் சொல்லுங்கள், பிளேட்டில் சுற்றிக்கொண்டே ஒரு ஆளைத் தலைக்கு மேல் வைத்திருக்க வேண்டும், கையால் மட்டும் அது முடியாது. பெண் பிள்ளையைத் தேடுவதற்கு முன் ஒன்றை எனக்கு எழுதுங்கள் அண்ணை, அவன் எந்தப் பக்கம் சுற்றுகிறான்? வலப்பக்கம் என்றால் இன்றைக்கே எழுதுங்கள், என் மகள் இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள், அவளிடம் அப்படிச் சுற்றுகிற ஒரு பிள்ளை துணை இல்லாமல் நிற்கிறது.