டெல்டா ஊர்சுற்றல்: கேள்வி பதில்

சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு எந்த ரயில் வசதி? (தாம்பரம் வாசகர்)

இரவுக்கு உழவன், பகலுக்கு சோழன். மெயின் லைனில், அதாவது மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகப் போகிற ரயிலா என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் விருத்தாசலம் வழியான கார்டு லைனில் நேரே திருச்சிக்குப் போய்விடும், கும்பகோணம் பக்கமே வராது.

திருச்சியில் இறங்கித் தஞ்சாவூர் போகப் பேருந்தா, ரயிலா? (கோவை வாசகி)

ரயில்தான். ஜங்ஷனிலிருந்து ஒரு மணி நேரம். வெளியூர்ப் பேருந்துகள் 2025 ஜூலையில் பஞ்சப்பூர் புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டன. ரயிலில் வந்தவர் ஆறேழு கி.மீ. மதுரை ரோட்டில் போய் அங்கே ஏறுவானேன்? இன்னொன்று, கோவைப் பக்கமிருந்து வந்தால் திருச்சி கோட்டை ஸ்டேஷன்தான் முதலில் வரும். ‘திருச்சி வந்துவிட்டது’ என்று யாராவது சொன்னதும் பெட்டியை இறக்கிவிடாதீர்கள்.

தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெரிய கோயிலுக்கு நடந்து போகலாமா?

எந்த பஸ் ஸ்டாண்டு? பழையது என்றால் நடக்கலாம். புதியது என்றால் சுமார் ஐந்து கி.மீ., டவுன் பஸ் பிடியுங்கள். தஞ்சாவூரில் இரண்டு உண்டு என்று எத்தனை முறைதான் எழுதுவது!

நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் காரில் ஒரே நாளில் பார்க்க வேண்டும். வழி சொல்லவும்.

எங்கிருந்து கிளம்புகிறீர்கள், எந்த மாதம், கூட வயதானவர்கள் உண்டா? ஒன்றும் எழுதவில்லை. சரி, கும்பகோணத்தில் தங்குவதாக வைத்துக்கொள்கிறேன்.

இந்த ‘ஒரே நாள்’ மோகத்தை நான் பல வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். மேற்கே திங்களூர், கிழக்கே கடலோரம் திருவெண்காடு. சுற்றி வந்தால் இருநூறு கி.மீ.க்கு மேல், அதுவும் ஊருக்கு ஊர் வளைகிற சாலை. அதைவிடப் பெரிய சிக்கல், பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஒரு முறை சூரியனார்கோயிலுக்கு 12.40க்குப் போய்ச் சேர்ந்தேன். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு குடும்பம் அர்ச்சனைத் தட்டோடு உட்கார்ந்திருந்தது. பாட்டி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார், டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு இன்னும் ஐந்து கோயில் பாக்கி.

இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் காலையில் திங்களூர், ஆலங்குடி. சாயந்திரம் திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், அங்கிருந்து பக்கத்திலேயே கஞ்சனூர். மறுநாள் காலையில் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம். சாயந்திரம் திருநள்ளாறு, சனிக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேப்பில் வெறுமனே ஆலங்குடி என்று போடாதீர்கள், புதுக்கோட்டைப் பக்கமும் ஓர் ஆலங்குடி இருக்கிறது. உங்களுடையது நீடாமங்கலம் சாலையில்.

இல்லை, ஒரே நாள்தான் என்றால் அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து வார இறுதியில் விடுகிற நவக்கிரகப் பேருந்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். விடியற்காலையில் கிளப்பி ராத்திரி கொண்டுவந்து விடுவார்கள். நடை சாத்தும் நேரத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மதியம் முழுக்க வீணாகிறதே, என்ன செய்வது? (சேலம் வாசகர்)

பெரிய கோயில் பிராகாரத்தில் மட்டும் நிற்காதீர்கள், கல்தரையில் உள்ளங்கால் பொரிந்துவிடும். தஞ்சாவூரில் இருந்தால் அரண்மனைக் கலைக்கூடம். கும்பகோணத்தில் இருந்தால் சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறை. குங்கிலியம் கலந்த மெழுகில் சிலையைச் செய்து, அதன்மேல் காவிரி வண்டலை அப்பிக் காய வைப்பார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடும், அந்தக் கூட்டுக்குள் உலோகத்தை ஊற்றுவார்கள். அனுமதி கேட்டுவிட்டு நில்லுங்கள், வார்ப்பு எல்லா நாளும் நடக்காது.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பேருந்து உண்டா?

உண்டு. கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழி, 35 கி.மீ. போல. காலையிலேயே போங்கள். காரணம் மேலே சொல்லியாயிற்று.

நல்ல டிகிரி காபி எங்கே கிடைக்கும்?

நெடுஞ்சாலையில் ‘கும்பகோணம்’ என்று போர்டு மாட்டிய கடையில் தேடாதீர்கள். ஊருக்குள் வந்து, காலை ஆறரைக்கு உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டே குடிக்கிற கடையாகப் பாருங்கள்.