திரையில் ஊசித்துளை

கேள்வி: தாத்தாவின் ஸோர்க்கி 4 கேமராவில் எடுத்த படங்களில் வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. லென்ஸில் பூஞ்சையா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பூஞ்சை படத்தை மங்கலாக்கும், புள்ளி வைக்காது. ஃபிலிமுக்கு முன்னால் ஒளியை மறைக்கும் ஷட்டரின் ரப்பர் பூசிய துணித்திரைதான் ஓட்டை; அதன் வழியே கசியும் ஒளிதான் புள்ளியாகிறது. மூடி போடாமல் வெயிலைப் பார்த்து வைத்தாலே லென்ஸ் துணியைப் பொசுக்கிவிடும்.

லென்ஸையும் பின்மூடியையும் கழற்றி, இருட்டறையில் லென்ஸ் பக்கமிருந்து டார்ச் அடித்து, பின்னாலிருந்து பாருங்கள். ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு: சாவி (ஃபிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றும் குமிழ்) சுற்றும் முன் தெரிவது இரண்டாம் திரை, சுற்றிய பின் முதல் திரை. இரண்டையும் பார்க்க வேண்டும்.

நாலைந்து துளைதான் என்றால், துணிக்குப் பூசும் கறுப்பு அக்ரிலிக் சாயத்தைப் பல்குச்சி நுனியில் தொட்டு வையுங்கள். கெட்டியாகப் பூசினால் உருளையில் சுற்றும்போது திரை தடிக்கும், வேகம் குறையும், படத்தின் ஒரு ஓரம் இருண்டுபோகும். 24 மணி நேரம் சாவியைத் தொடாதீர்கள். ஈரத்தோடு சுற்றினால் திரை ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு நாள் விட்டாலும் தப்பில்லை. சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், கல்லாக இறுகி அந்த இடத்திலேயே துணி முறியும்.

வானத்து நட்சத்திரம்போல் துளைகள் தெரிந்தாலோ, மடிப்பில் ரப்பர் உதிர்ந்தாலோ பூச்சு வீண். திரையையே மாற்ற வேண்டும். அது பழகிய கைக்கான வேலை.

இன்னொன்று: ஸோர்க்கியில் சாவி சுற்றிய பிறகே ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள்.