பென்னாகரம் ஓடையில் எடுத்த பூச்சியை ஸ்காட்லாந்து ஸ்டோன்ஃப்ளை என்கிறது செயலி. நம்பலாமா?

அந்தப் பெயரை நம்ப வேண்டாம். படத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நல்ல படம் அது.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வழியில், ஓடைக் கல்லைப் புரட்டியபோது அடியில் ஒட்டியிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கைப்பேசிச் செயலி அதற்கு ‘நார்தர்ன் பிப்ரவரி ரெட்’ என்று பெயர் சொல்லியிருக்கிறது. அறிவியல் பெயர் பிராக்கிப்டெரா புடாட்டா. ஸ்டோன்ஃப்ளை என்பது இளம் பருவத்தை ஓடைக் கல்லடியில் கழித்துவிட்டு, வளர்ந்ததும் நீரைவிட்டு வெளியேறும் பூச்சி வகை. இது அதில் 1838-இல் பூச்சியியலாளர் நியூமன் விவரித்த சிற்றினம். உலகத்திலேயே பிரிட்டனில் மட்டும்தான் இருக்கிறது, அதிலும் பெரும்பாலும் ஸ்காட்லாந்து ஆறுகளில். பிப்ரவரி, மார்ச் குளிரில் நீரைவிட்டு வெளியே வந்து றெக்கை முளைத்துத் திரியும். அது நம் ஒகேனக்கல் பக்கத்துச் சின்னாற்றுக்கு வர வழியே இல்லை.

ஆனால் ஊர் வேறு என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. பூச்சியின் உடம்பே பதில் சொல்கிறது.

நான் தர்மபுரிக்காரன். விலங்கியல் படிக்கும்போது ப்ராஜெக்டுக்காகச் சின்னாற்றிலும், அஞ்செட்டிப் பக்கம் தொட்டஹள்ளாவிலும் ஒரு பருவம் முழுக்கக் கல் புரட்டியிருக்கிறேன். அப்போது ‘ரெண்டு வால் இருந்தால் ஸ்டோன்ஃப்ளை, மூணு வால் இருந்தால் மேஃப்ளை’ என்று மனப்பாடமாக வைத்திருந்தேன். மேஃப்ளையும் இளம் பருவத்தை நீரில் கழிக்கும் இன்னொரு பூச்சி வகை. அந்தக் கணக்கில் ஒரு குப்பி நிறைய ஸ்டோன்ஃப்ளை என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். வழிகாட்டிய பேராசிரியர் அதை லென்ஸில் வைத்து, ‘கால் நுனியப் பாருப்பா’ என்றார். ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு நகம். மூன்று வாலில் ஒன்று முறிந்துபோன மேஃப்ளைகள் அவை. போதாததற்கு, இயல்பிலேயே இரண்டு வால் உள்ள மேஃப்ளைகளும் உண்டு. ஸ்டோன்ஃப்ளைக்குக் காலுக்கு இரண்டு நகம் இருக்கும். அன்றிலிருந்து நான் வாலை எண்ணுவதற்கு முன் நகத்தைத்தான் பார்க்கிறேன்.

அடுத்தது செவுள். மேஃப்ளை நிம்ஃபுக்கு, அதாவது நீரில் வாழும் இளம் பூச்சிக்கு, வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாக இருக்கும். உங்கள் படத்தில் வயிறு வெறுமையாக இருக்கிறது. காலும் மார்பும் சேரும் இடத்தில், நம் அக்குள் மாதிரியான இடத்தில், வெள்ளையாகக் குஞ்சம் தெரிகிறது பாருங்கள், அதுதான் செவுள். மார்பில் இப்படிக் கிளை விட்ட குஞ்சம் இருந்தால் குடும்பம் பெர்லிடே. பிராக்கிப்டெரா சேர்ந்த டேனியாப்டெரிஜிடே வேறு குடும்பம். பிராக்கிப்டெரா நிம்ஃபுக்கு இந்தக் குஞ்சமே கிடையாது. அது பாசியும் மக்கிய இலையும் தின்னும். பெர்லிடே வேட்டையாடித் தின்னும். செயலி உருவத்தையும் நிறத்தையும் பார்த்திருக்கிறது, செவுளைக் கவனிக்கவில்லை.

அந்தக் குஞ்சம் எதற்கென்று ஒருமுறை கண்ணெதிரே பார்த்தேன். டிபன் பாக்ஸ் மூடியில் ஓடைத் தண்ணீர் ஊற்றி பெர்லிடே நிம்ஃப் ஒன்றை விட்டிருந்தேன். முதலில் ஒதுங்க இடம் தேடி விளிம்போரமாகவே சுற்றியது. கொஞ்ச நேரத்தில் ஆறு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, உடம்பை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கியது. அப்படியே தண்டால் எடுப்பது போல. நின்ற தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையக் குறைய, தானே உடம்பை அசைத்துச் செவுளுக்குத் தண்ணீரை ஓட வைக்கிறது. எனக்குப் பாவமாகிவிட்டது, உடனே ஓடையில் விட்டேன். சலசலவென்று ஓடும் சுத்தமான நீரில்தான் இதனால் வாழ முடியும். அதனால்தான் பூச்சிகளை வைத்து ஆற்றின் தரத்துக்கு மதிப்பெண் போட பிரிட்டனில் உருவான BMWP என்ற முறையில் பெர்லிடே குடும்பத்துக்கு 10-க்கு 10. ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே நுரை ததும்பும் தென்பெண்ணையில் நான் இதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. உங்கள் ஓடையில் இருக்கிறது என்பது எனக்கு அவ்வளவு நிம்மதியான செய்தி.

இனி வகைப்படுத்தல். ஸ்டோன்ஃப்ளைகள் எல்லாம் சேர்ந்த வரிசை (ஆர்டர்) பிளெகாப்டெரா. அதில் இரண்டு துணைவரிசைகள்: வடக்குக் கிளையான ஆர்க்டோபெர்லேரியா, தெற்குக் கிளையான அன்டார்க்டோபெர்லேரியா. தெற்குக் கிளை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்காவோடு சரி. இந்தியாவில் இருப்பதெல்லாம் வடக்குக் கிளைதான். ஆக உங்கள் பூச்சியும் ஒரு வகையில் ‘வடக்கத்திய’ ஸ்டோன்ஃப்ளையே! இந்தக் கிளையின் ஆண் பூச்சிகள் வயிற்றால் கல்லிலோ குச்சியிலோ தட்டித் தாளம் போட்டுத் துணையைக் கூப்பிடும், பெண் பதிலுக்குத் தட்டும். சிற்றினத்துக்குச் சிற்றினம் தாளம் மாறும். தெற்குக் கிளைக்கு இந்தப் பழக்கம் இல்லை.

குடும்பம் பெர்லிடே என்பதை உங்கள் படத்தை வைத்தே உறுதியாகச் சொல்கிறேன். பேரினம் நியோபெர்லாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தென்னிந்திய ஓடைகளில் அதிகம் கிடைப்பது அதுதான். இன்னும் நெருங்கிச் சொல்ல, இரண்டு பெரிய கண்களுக்கு நடுவே பொட்டுப் பொட்டாக இருக்கும் சிறுகண்களை எண்ண வேண்டும். நியோபெர்லாவுக்கு இரண்டு, பெர்லிடேயில் மற்ற பலவற்றுக்கு மூன்று. உங்கள் படத்தில் தலை நிழலில் விழுந்துவிட்டது.

சிற்றினப் பெயர் கேட்டிருக்கிறீர்கள். நிம்ஃப் படத்தை வைத்து அதைச் சொன்னால் நானும் அந்தச் செயலி செய்ததையே செய்கிறேன் என்றுதான் அர்த்தம். நியோபெர்லாவில் சிற்றினம் பிரிப்பது, வளர்ந்த ஆணின் இனப்பெருக்க உறுப்பையும் பெண்ணின் முட்டை மேலுறையையும் நுண்ணோக்கியில் பார்த்து. அதுவரை ‘நியோபெர்லா, சிற்றினம் தெரியவில்லை’ என்று எழுதி வைப்பதுதான் சரியான பதிவு. ஆய்வுக் கட்டுரைகளிலேயே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஒகேனக்கல் சுற்றுவட்டாரம் காட்டுப் பகுதி. பூச்சியைப் பிடித்துக் குப்பியில் போட்டுக் கொண்டுவர வனத்துறை அனுமதி வேண்டும், அதனால் தயவுசெய்து பிடிக்க வேண்டாம். புரட்டிய கல்லையும் இருந்தபடியே திருப்பி வைத்துவிடுங்கள். அதற்குப் பதில் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போய், நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளின் பக்கவாட்டைப் பாருங்கள். நிம்ஃப் கரையேறித் தோல் உரித்துப் பறந்த பிறகு, முதுகு பிளந்த வெற்றுக் கூடு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். நகம், செவுள் இருந்த இடம், சிறுகண் எல்லாம் அதிலேயே தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கைப்பேசிக் கேமரா முன் வைத்து, தலையை மேலிருந்தும் கால் நுனியைப் பக்கத்திலிருந்தும் எடுத்துப் போடுங்கள். சிறுகண் எத்தனை என்று சேர்ந்து எண்ணிவிடலாம்.